மாடியில் ஒரு மீனம்பாக்கம்

எங்கள் வீட்டுக்காரரிடம் "சௌக்கியமா சார்?" என்று கேட்டால், "கடற்காத்து இன்னிக்கு 12.40க்கே உள்ள வந்துடுத்து" என்பார். நங்கநல்லூரில் மொட்டைமாடி வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர்கள் இரண்டு ஜாதி: தொட்டிச்செடிக்காரர்கள், வானிலைக் கருவிக்காரர்கள். இவர் இரண்டாவது. மாமி முதலாவது. மாடியோ ஒன்றுதான்.

"பக்கத்திலேயே மீனம்பாக்கத்தில் வானிலை நிலையம் இருக்கிறதே சார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அது ரன்வேயில பெய்யற மழை. நம்ம தெரு மழைக்கு யார் கணக்கு வெச்சிருக்கா?"

கருவி தேர்ந்தெடுக்க மூன்று மாதம் ஆயிற்று. விலை மலிவான ஒன்றை, பழைய அளவுகளைச் சேமிக்காது என்பதால் தள்ளினார். "மறதிக்குத்தான் நான் இருக்கேனே, அதுக்கு ஒரு மெஷின் வேறயா?" வாங்கியது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொள்ளும், நாளைக்கு 288 பதிவு. ஆனால் வைஃபையில் சேர மறுத்தது. இரண்டு நாள் போராடினார். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும் என்று கண்டுபிடித்து, ரவுட்டரில் தனிப்பெயர் வைத்துக் கொடுத்தவன் என் பையன். அன்றிலிருந்து அவன் 'டெக்னிக்கல் ஸ்டாஃப்'. சம்பளம், முறுக்கு.

மழைமானிக்குள் சீசா மாதிரி ஆடும் சின்னக் கிண்ணப்பலகை ஒன்று உண்டு. 0.2 மி.மீ. நிரம்பினால் சாயும், சாய்ந்ததை எண்ணிக் கணக்கு. கத்திரி வெயிலில் ஒருநாள் 6 மி.மீ. காட்டியது. மாமி செடிக்கு ஹோஸ் பிடித்திருந்தார். பதிவை அழிக்கலாம்தான். "திருத்தறது பாவம்" என்று தனிப்பத்தி ஒன்று திறந்து 'மாமி மழை' என்று எழுதினார். பெட்ஷீட் காயும் நாட்களில் எங்கள் தெருவில் கீழைக்காற்று வீசுவதில்லை என்பதும் அந்தக் கணக்கேட்டில் இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. என் ஸ்கூட்டர் பாதி முழுகியது. கருவியில் பூஜ்யம். காகம் புனலில் சுள்ளி அடுக்கியிருந்தது. விடிந்து வெயிலும் வந்தபிறகு, தேங்கிய தண்ணீர் சொட்டுச்சொட்டாக இறங்கி, டிக்... டிக்... பலகை சாய ஆரம்பித்தது. மழைக்கணக்கில் நாள் காலை எட்டரையோடு முடிகிறது; மணி அதைத் தாண்டிவிட்டதால் அது மறுநாள் கணக்கு. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

மாமி துணி வாளியோடு படியேறி வந்தார்.

"இப்ப உலர்த்தாதே," என்றார் நிமிராமலே. "மழை பெய்யறது."