மாப்பிள்ளை இழுக்கும் கப்பி

ஆர்க்கிமிடீஸ் கப்பிகளைக் கோத்து, ஆளும் சரக்குமாய் நிறைந்த கப்பலை உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எல்லோரும் அங்கே கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே கப்பலை முதலில் பலபேர் படாதபாடு பட்டுக் கரைக்கு இழுத்து வைத்தார்கள் என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அவர்கள் ஆர்க்கிமிடீசுக்கு மாப்பிள்ளை முறையாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் என் மச்சானும் ஓர் ஆர்க்கிமிடீஸ். போர்ட் டிக்சனில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார். கரைக்குப் போய்வர ரப்பர் டிங்கி. அதற்கு ஓர் அவுட்போர்டு மோட்டார், 25 கிலோ. தரையில் அது ஓர் அரிசி மூட்டை. டிங்கி ஒரு பக்கமும் படகு இன்னொரு பக்கமும் ஆட, நடுவே கட்டிப்பிடித்து நிற்பவனுக்குத்தான் அதன் உண்மையான எடை தெரியும்.

இதை டிங்கியிலிருந்து படகுக்குத் தூக்கக் கடையிலேயே சின்ன கிரேன் விற்கிறார்கள். விலையைக் கேட்ட மச்சான், “இந்தக் காசுக்கு நானே செஞ்சிடுவேன்” என்றார். ஹார்ட்வேர் கடை ஜிஐ பைப்பை வளைத்து, படகின் பின்கம்பியில் நிறுத்தி, மேலே ஓர் இரட்டைக் கப்பி, கீழே ஓர் இரட்டைக் கப்பி என்று கயிற்றைக் கோத்தார்.

“எடையை நாலு கயிறு பங்கு போட்டுக்கும். உங்களுக்கு ஆறேகால் கிலோதான் மாப்ள!”

கப்பியின் உராய்வு தனியாக ஒரு பங்கு கேட்கும் என்பதை அவர் சொல்லவில்லை. மோட்டார் ஒன்றரை மீட்டர் ஏற, கயிற்றை ஆறு மீட்டர் இழுக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. நின்று இழுக்கக் கிடைத்த இடம் ரெண்டு மீட்டர். இழுத்து, பிடித்து, மறுபடி இழுத்ததில் மீதிக் கயிறு என் காலைச் சுற்றிக்கொண்டது. பைப் சுழலும்படி செய்திருந்தார். எந்தப் பக்கம் என்பதை அலை முடிவு செய்தது. மோட்டார் என் மூக்கருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கடல் பக்கம் போனது.

ஆடாமல் பிடிக்கப் பக்கக் கயிறு வேண்டுமென்று அப்போதுதான் ஞானோதயம். ஒரு கயிற்றில் என் மனைவி, மற்றதில் மச்சானின் மகன். கப்பிக் கயிறு அறுந்தாலும் மோட்டார் மூழ்காதிருக்கத் தனிக் கயிறு கட்டி, அதை மச்சானின் மனைவி பிடித்துக்கொண்டார். உருப்படியான ஒரே யோசனை அது, அதுவும் அவருடையதுதான். மார்க் புரூனல் 1808 வாக்கில் போர்ட்ஸ்மத்தில் கப்பி செய்யவே இயந்திரங்கள் அமைத்து, 110 பேர் வேலையைப் 10 பேரால் முடிய வைத்தாராம். மச்சான் இரண்டு கை வேலைக்கு மொத்தக் குடும்பத்தையும் வைத்தார். அவர் மட்டும் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மோட்டார் ஏறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதுதான் வினை. இப்போது கடலில் விழுந்த ஆளைத் தூக்க, பாயின் அடிக்கட்டையில் கப்பி கட்டுகிறார். நனைந்த துணியோடு மனிதனைத் தூக்குவதுதான் படகில் பெரிய பாடாம். சோதித்துப் பார்க்க 90 கிலோ வேண்டுமென்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு நீந்தவே தெரியாது மச்சான்.”

“தெரிஞ்சவங்களுக்கு இது எதுக்கு மாப்ள?”