பின்னங்கால் வீரர்

சியோல் நகரத்தில் டெக்கன் என்ற சண்டை வீடியோ விளையாட்டின் எந்திரம் உள்ள கடை எதற்குள் நுழைந்தாலும் இவர் இருப்பார். முக்காலியில் முதுகை வளைத்து உட்கார்ந்து, பக்கத்தில் 100 வோன் நாணயங்களை அடுக்கி வைத்திருப்பார். ஆட்டம் தொடங்கியதும் இவர் செய்கிற முதல் காரியம் பின்னால் போவது. இரண்டாவது காரியமும் அதுதான்.

சும்மா பின்னால் நடந்தால் பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிடலாம். இது வித்தை. லீவரைப் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் திரையில் இருப்பவன் ஒரு தாவு பின்னால் போவான். அது முடிந்தால்தான் அடுத்த தாவு. அதுவரை காத்திருக்க இவர் என்ன சாதுவா? பாதித் தாவலிலேயே லீவரைக் கீழ்ப்பின் மூலைக்கு இழுத்து, ஆளைக் கண நேரம் குந்த வைத்து, பழைய தாவலை ரத்து செய்து, மறுபடி பின்னால். குந்தியதே தெரியாது, வழுக்கிப் போவதுதான் தெரியும். கொரியர்கள் கையில் பழுத்த வித்தை என்பதால் ஊர் உலகமெல்லாம் இதற்குக் 'கொரியன் பேக்டேஷ்' என்று பெயர். அங்குள்ள லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம். விட்டதும் வெடுக்கென்று நடுவுக்கு வரும். டக்கு டக்கென்ற அந்தச் சத்தத்தை வைத்தே, உள்ளே இருப்பது இவர்தான் என்று வாசலிலேயே சொல்லிவிடலாம்.

எதிராளி பாடு பரிதாபம். குத்தினால் காற்று. உதைத்தால் விரற்கடை தூரத்தில் நிற்கிறார். கட்டிப்பிடித்துத் தூக்கிப் போடலாமென்றால் பிடிக்க ஆளில்லை. வீசிய கை திரும்புவதற்குள் தாடையில் ஒன்று விழும். அந்தரத்தில் இருக்கும்போதே இன்னும் நாலைந்து. "கோழை" என்று அவன் பல்லைக் கடித்தால், "தாராளமா அடி தம்பி, நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்பார்.

பாய்வதற்காகப் பின்வாங்கிய வள்ளுவரின் ஆட்டுக்கடாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இவருக்குத் தெரியும். நேரம் முடியும்போது யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவருக்கே சுற்று. ஓர் அடி முந்திவிட்டால் அப்புறம் எதற்குப் பாய வேண்டும்?

2001-இல் வந்த டெக்கன் 4 மேடையைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. அதை இவர் சொந்தப் பகையாகவே எடுத்துக்கொண்டார். முதுகு முட்டுமுன் பக்கவாட்டில் நழுவப் பழகினார். 2024-இன் டெக்கன் 8 இன்னும் மோசம்: முன்னேறி அடிப்பவனுக்கே சலுகை, அவன் சூடேறிவிட்டால், தடுத்தாலும் உயிர் கொஞ்சம் தேயும்.

"காலம் கெட்டுப் போச்சு" என்று அலுத்துக்கொண்டவர், முன்னைவிட வேகமாகப் பின்னால் போகிறார். தடுத்தால்தானே தேயும்?