மீனுக்கு யாரு பட்டா குடுத்தது?

படம் நல்லாத்தான் போட்டிருக்கே தாயி. வாஷிங்டன் மாகாணத்து ஓடையெல்லாம் நீலக் கோடு, சால்மன் வார ஓடைக்கு மேல செவப்பு, ட்ரவுட்டு கெடக்குத ஓடைக்குப் பச்சை. கம்ப்யூட்டரை எம்பக்கமாத் திருப்பி வச்சுட்டு, காப்பி ஆறுத வரைக்கும் எம்மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தே. நான் நல்லாருக்குன்னு சொல்லலைன்னு கோவம் வேற. நான் யாரு? சியாட்டல்ல மகன் வீட்டுக்கு வந்து கெடக்குத கெழவன். குரங்குக் குல்லாவைப் போட்டுக்கிட்டு சன்னல் வழியா மழையைப் பாக்கதுதான் இங்க எனக்கு உத்தியோகம். எனக்கென்ன தெரியும்னு சும்மா இருந்தேன். நீயா கேட்டே, சொல்லுதேன். பொறவு தாத்தா கேலி பண்ணுதாருன்னு உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லப்படாது.

இந்தச் செவப்புக் கோடு மலை ஏறி வந்து இங்கன சடக்குன்னு நிக்குல்லா? இதுக்கு மேல மீன் இல்லைன்னு யாரு சொன்னது? மீனா?

"மேல யாரும் போய்ப் பாக்கலை தாத்தா, ரெக்கார்டு இல்லை"ங்கே. ஆங், அப்படிச் சொல்லு. பாத்து இல்லைங்கதுக்கும், பாக்கவே இல்லைங்கதுக்கும் ஒரே வெள்ளையை விட்டு வச்சிருக்கியே, அதைத்தான் கேட்டேன்.

நான் ஊர்ல தலையாரியா இருந்தவன்னு உனக்குத் தெரியும். எங்க கணக்குப்பிள்ளை மகா கெட்டிக்காரர். சாவடித் திண்ணையை விட்டு எறங்காமலே ஊர் பூராவுக்கும் அடங்கல் எழுதிருவாரு. வயல்ல நெல்லு கதிர் வாங்கி நிக்கும், அடங்கல்ல தரிசுன்னு கெடக்கும். தண்ணி கெடந்த பள்ளத்துக்கு நோட்டுல பேர் இருக்காது. மழை ரெண்டு மூணு வருசம் ஏமாத்துச்சுன்னா எவனாவது வேலியைப் போட்டு, கெணத்தைத் தோண்டி, பட்டாவும் வாங்கிருவான். தண்ணி கெடந்ததை ஊரே பாத்திருக்கும். கோர்ட்டு நோட்டைத்தான் பாக்கும். உன் படமும் அடங்கல்தான் தாயி. கலர் மட்டும் கூட.

சிரிக்காதே. அலாஸ்காவுல இதையே சட்டமா எழுதி வச்சிருக்காங்கன்னு நீதானே சொன்னே. கடலுக்குப் போயித் திரும்பி வார மீனுக்கு எந்தெந்த ஆறு, ஏரி, ஓடை வேணும்னு அரசாங்கம் ஒரு பட்டியல் வச்சிருக்கு. அதுல சுமார் 20,000 நீர்நிலை. பட்டியல்ல இருந்தா, அந்த ஆத்துக்குள்ள புல்டோசரை எறக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும். பட்டியல்ல இல்லைன்னா அந்தச் சட்டத்தோட காவல் கெடையாது. ஏறாம விட்டுப்போன ஓடை இன்னும் அத்தனை இருக்கும்னு பட்டியல் எழுதுதவங்களே சொல்லுதாங்க. யாரு வேணும்னாலும் மனுப் போட்டு ஒரு ஓடையைச் சேக்கலாமாம்; போட்டோ, எடம், தேதி, இன்ன மீன்னு ஆதாரம் வேணும். நல்ல ஏற்பாடு. ஆனா சால்மன் குஞ்சு விரல் நீளம் இருக்கு. அது செல்போனை எடுத்துத் தன்னைத்தானே போட்டோ புடிச்சு அனுப்புமா? ஆள் போகணும்ல.

இங்க வாஷிங்டன்லயும் அதே கதைதான், வேற உடுப்புல. காட்டு ஓடையை மீன் உள்ள ஓடை, மீன் இல்லாத ஓடைன்னு வகை பிரிச்சு வச்சிருக்கீங்க. மீன் உள்ள ஓடைன்னா கரையோரம் அகலமா மரத்தை வெட்டாம விடணும். மீன் இல்லைன்னா அந்தக் கெடுபிடி கொறைவு. மீன் இதோட முடியுதுன்னு வைக்குத ஒரு பொட்டு நூறு கஜம் கீழ எறங்குனா எத்தனை லாரி மரம்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியும்டி, கைநாட்டா இருந்தாலும். மலைத்தொடருக்கு மேற்கால 2 அடி அகலமும் 16 சதவீதத்துக்கு மேல போகாத சரிவும் இருந்தா, பாக்காமலே மீன் இருக்குன்னு வச்சுக்கோ, இல்லைங்கவன் போயிச் சோதிச்சு நிரூபிக்கட்டும்னு ஒரு விதி இருக்குன்னே பாரு, அதை எழுதுனவன் எவனோ வயக்காட்டுல நடந்தவன். அவனுக்கு ஒரு கும்பிடு.

சரி, ஆள் போறாங்க. எப்பப் போறாங்க? வெயிலடிக்க ஆகஸ்டு மாசம், சப்பாத்து நனையாம. ஓடை காஞ்சு கல்லாக் கெடக்கு. "மீன் இல்லை", எழுதியாச்சு. அந்தக் காஞ்ச ஓடையிலதான் மழைக்காலத்துல கோஹோ சால்மன் குஞ்சு வந்து ஒதுங்குதுன்னு பக்கத்து ஓரிகன்ல ஆராய்ச்சிக்காரங்க கண்டுபுடிச்சிருக்காங்க. பெரிய ஆத்துல வெள்ளம் அடிச்சுப் போடும், சின்ன ஓடையில கொஞ்சம் நிம்மதி. பிங்க் சால்மன் இருக்கு பாரு, அது இன்னும் வம்பு புடிச்சது. அதுக்கு ஆயுசு சரியா ரெண்டு வருசம். இங்கத்து பூஜெட் சவுண்டுக் கடல் பக்கத்து ஆத்துக்குப் பெரும்பாலும் ஒத்தைப்படை வருசத்துலதான் வரும். 2024ல நீ போயிட்டு "பிங்க் இல்லை"ன்னு எழுதிட்டு வந்தா, 2025ல அது வந்து உன் படத்து மேலயே நீந்திட்டுப் போகும்.

நவம்பர்ல ஒரு நாள் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனேல்லா, அந்த நடை எனக்குப் புடிச்சிருந்தது. நாத்தம் கரையிலயே தொடங்கிட்டு. முட்டளவு தண்ணி, ரெண்டு பக்கமும் பாசி புடிச்ச மரம். நீ கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, தண்ணியில மினுக்கம் தெரியாம அடியைப் பாத்தே. எனக்கு முதல்ல ஒண்ணும் தெரியலை. பொறவு காட்டுனே: கல்லெல்லாம் பாசி படிஞ்சு கறுத்துக் கெடக்க, ஒரு எடத்துல மட்டும் பாய் அகலத்துக்கு வெளுத்துக் கெடந்தது. பொட்டை மீன் வாலால அடிச்சு அடிச்சுப் பள்ளம் பறிச்சு, முட்டையிட்டு, மேல கல்லை மூடி வச்ச எடம். அது பக்கத்துலயே நின்னுது, வால் நுனி தேஞ்சு வெள்ளையா. நீ கிளையில ஒரு ரிப்பனைக் கட்டி, தேதி எழுதி, கருவியில எடத்தைப் பதிஞ்சே. அந்தப் பொட்டு சாவடியில எழுதுன பொட்டு இல்லை. அதை யாரும் அசைக்க முடியாது.

அப்புறம் கரையில செத்துக் கெடந்த மீனோட வாலைக் கத்தியால வெட்டிப் போட்டே. ஏட்டி, செத்ததை ஏன் சித்ரவதை பண்ணுதேன்னேன். "அடுத்த வாரம் வாரவங்க இதையே மறுபடி எண்ணிரக் கூடாது தாத்தா"ன்னே. எவ்வளவு நல்ல ஏற்பாடு! நம்மூர்ல அப்படி ஒரு வழக்கம் இல்லாமப் போனதாலதான் செத்தவங்க எலெக்சனுக்கு எலெக்சன் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறாங்க.

இன்னொரு செத்த மீனோட வயித்தைக் கீறிப் பாத்தே. முட்டை பூராவும் அப்படியே இருந்தது. நீ பேசலை. வீட்டுக்கு வந்த பொறவுதான் சொன்னே. ரோட்டுல தேயுத டயர்ல இருந்து வார ஒரு பொருள், மழைத் தண்ணியோட ஓடையில எறங்கி, முட்டையிட வந்த கோஹோவை சில மணி நேரத்துல கொன்னுருதாம். வருசக்கணக்கா ஏன் சாகுதுன்னு தெரியாம இருந்து, 2020 கடைசியிலதான் இன்ன சாமான்னு புடிச்சாங்களாம். அந்த ஓடையும் உன் படத்துல செவப்புத்தான். கோஹோ இருக்கு. இருக்கு, சரி. ஏறி வந்து முட்டையிடாமச் செத்துப்போறதும் 'இருக்கு'தானா? அதுக்கு ஒரு கலர் கண்டுபுடி பாப்போம்.

கலர்னதும் ஞாபகம் வருது. ஸ்டீல்ஹெட்டுக்கு ஒரு கலர், ரெயின்போ ட்ரவுட்டுக்கு இன்னொரு கலர் போட்டிருக்கே. ரெண்டும் ஒரே சாதி மீனுங்கே. ஒரே ஆத்துல பொறந்து, ஒண்ணு கடலுக்குப் போயிப் பெருத்து வரும், ஒண்ணு ஓடையிலயே கெடந்துரும். வெள்ளைக்காரங்க காலத்துல கொண்டாந்து நீலகிரியில அவலாஞ்சிப் பக்கம் விட்டாங்களே, அதே ரெயின்போதான். இது பசிபிக் சால்மன் கூட்டம்னு ஆராய்ச்சிக்காரங்க ஒத்துக்கிட்டு இனப்பேரை மாத்துனதே 1989லதான். அது வரைக்கும் அட்லாண்டிக் சால்மன் பக்கம் சேத்து வச்சிருந்தாங்க. மீனுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனா பூஜெட் சவுண்டு ஸ்டீல்ஹெட்டை 2007ல அழியப்போற பட்டியல்ல சேத்தாங்க. ஓடையிலயே கெடக்குத ரெயின்போ அதுல வராது. கடல் கண்டவனுக்குக் காவல், ஊர்லயே கெடந்தவனுக்குத் தூண்டில். ஒரு விரல் நீளக் குஞ்சு நாளைக்குக் கடலுக்குப் போகுமா, போகாதான்னு பாத்தாத் தெரியாதுன்னும் நீயே சொல்லுதே. அப்ப எந்தக் கலரை எடுத்து அது முதுகுல பூசுவே?

இப்ப நான் நெசமாக் கோவப்படுத எடத்துக்கு வாரேன். ரோட்டுக்கு அடியில ஓடை போக ஒரு குழாயைப் பதிச்சு வச்சிருக்காங்கல்லா, அந்த எடம். குழாயோட வாய் தண்ணிக்கு மேல அந்தரத்துல நிக்கு. உள்ள தண்ணி வழுக்கிக்கிட்டு ஓடுது. கடல்ல ஆயிரக்கணக்கான மைல் சுத்திட்டு வந்த மீன், அந்தக் குழாய் விளிம்புல முட்டி முட்டிக் கீழ விழுது. உன் படத்துல செவப்புக் கோடு குழாய்கிட்ட நிக்கு. மேல வெள்ளை. இதைக் கையில வச்சுக்கிட்டு ஒரு புத்திசாலி கேப்பான்: "மேலதான் மீனே இல்லையே, எதுக்கு லச்சக்கணக்குல டாலரைக் கொட்டிக் குழாயை மாத்தணும்?" எப்படி நியாயம்! வழியை அடைச்சவனே, வரலையேன்னு சாட்சியும் சொல்லுதான். அவனுக்கு உன் படம்தான் கையெழுத்துப் போட்ட பத்திரம்.

இந்த நியாயத்தைப் பழங்குடி மக்கள் விடலை. 1850கள்ல பூமியை எழுதிக் குடுத்தப்ப, வழக்கமா மீன் புடிக்க எடத்துல புடிச்சுக்குவோம்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கியிருந்தாங்க. 1974ல போல்ட்டுன்னு ஒரு நீதிபதி, புடிக்கக்கூடிய மீன்ல பாதி அவங்களுக்குன்னார். பாதி சரி, மீன் வந்தாத்தானே பாதி? 2001ல 21 பழங்குடிக் கூட்டம் இந்தக் குழாய்க்காகவே மாகாணத்து மேல வழக்குப் போட்டாங்க. 2013ல மாத்துன்னு உத்தரவு. 2018ல வாஷிங்டன் டி.சி.யில உச்ச நீதிமன்றத்துல நாலுக்கு நாலுன்னு பிரிஞ்சு நின்னதால, கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பே நின்னுபோச்சு. 2030க்குள்ள பெரும்பகுதி வழியைத் தொறந்தாகணும்னு கெடு. எந்தக் குழாய்க்கு மேல எத்தனை மைல் ஓடை அடைபட்டுக் கெடக்குன்னு இப்ப ஓடியோடிக் கணக்கெடுக்காங்களே, அந்தக் கணக்குல வெள்ளையா விட்ட எடத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

பெரிய அளவுல பாக்கணும்னா இதே மாகாணத்து எல்வா ஆத்தைப் பாரு. 1913ல ஒரு அணை, 1927ல மேல இன்னொண்ணு, ரெண்டுலயும் மீன் ஏற வழி வைக்கலை. கடல்ல இருந்து எட்டு கிலோமீட்டர்லயே கதவு சாத்தியாச்சு. அணைக்கு மேல 110 கிலோமீட்டருக்கு மேல நல்ல தண்ணி, நல்ல கல்லு, பெரும்பாலும் தேசியப் பூங்காக் காடு, ஒரு சால்மன் கெடையாது. நூறு வருசம் அணைக்கு மேல சால்மன் இல்லாத ஆறுன்னே இருந்தது. அங்கத்துக் கிளாலம் மக்கள்கிட்ட கேட்டிருந்தா அவங்க தாத்தன் புடிச்ச சினூக் சால்மனோட எடையையே சொல்லியிருப்பாங்க. 2011ல இடிக்கத் தொடங்கி 2014ல முடிச்சாங்க. மீன் மேல போயிட்டு. தெக்க கிளாமத்து ஆத்துலயும் 2024ல அணை போன கையோட, அக்டோபர்லயே சினூக் ஓரிகன் வரைக்கும் ஏறிட்டு. 1912க்கு அப்புறம் அங்கன கடலுக்குப் போயித் திரும்புத மீனை அப்பத்தான் பாத்தாங்களாம். அதுக யாரு படத்தைப் பாத்துட்டுப் போச்சு?

இதுக்கு நேர் எதிரும் உண்டு. உங்கப்பன் என்னை பல்லார்டு மதகுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, கண்ணாடிக்குப் பின்னால மீன் படியேறுததைக் காட்டுனான். 21 படி. ஆனந்தமாப் பாத்தேன். அந்த மதகு இருக்க கால்வாயை 1916ல தொறந்தப்ப லேக் வாஷிங்டன் ஒம்போது அடிகிட்ட எறங்கி, ஏரியில இருந்து தெக்க ஓடுன பிளாக் ரிவர்னு ஒரு ஆறே வத்திப் போச்சாம். பழைய படத்துல கோடு இருக்கும், போயிப் பாத்தா ஆறு இருக்காது.

சரி, வேலைக்கு வா. வெள்ளையை மூணாப் பிரி. போயிப் பாத்து இல்லாதது ஒண்ணு. எந்த மாசம், எத்தனை தடவை போனேன்னு பக்கத்துலயே எழுது. போகாதது ஒண்ணு. போக வழி அடைச்சது ஒண்ணு. செவப்பையும் பிரி: கண்ணால பாத்தது வேற, சரிவையும் அகலத்தையும் வச்சுக் கம்ப்யூட்டர் "இருக்கலாம்"னு சொன்னது வேற. குப்பியில தண்ணி மொண்டுட்டு வந்து, அதுல கெடக்குத மீனோட மரபணுவைக் கண்டுபுடிக்க வித்தை ஒண்ணு வச்சிருக்கீங்களே, அது கெட்டிக்கார வேலைதான். ஆனா மேல எங்கயோ மீன் இருக்குங்கும். எத்தனை, எங்கன, உசுரோடவான்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அதுக்கும் தனி அடையாளம் போடு. பெரிய அருவி வந்ததும் கோட்டை நிறுத்திராதே. சால்மன் நிக்கும், அருவிக்கு மேல கட்த்ரோட் ட்ரவுட்டு தலைமுறை தலைமுறையாக் கெடக்கும். படம் அழுக்காத்தான் இருக்கும். ஆபீசுல மொகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும்.

ரெண்டு பேர் உன்னைத் தேடி வருவாங்க. மரம் வெட்டுதவன் பொட்டைக் கீழ எறக்கச் சொல்லுவான். மீன் மேல பாசம் வச்சவன் மலை உச்சிக்கே ஏத்தச் சொல்லுவான். ரெண்டு பேரும் காப்பி வாங்கித் தருவாங்க. குடிச்சுக்கோ. எங்க கணக்குப்பிள்ளையும் குடிச்சாரு.

இப்ப இந்தப் படத்தை நம்ம வீட்டுப் பக்கமா நகத்து. இன்னும் கொஞ்சம். இந்தா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மரத்துக்குள்ள போகுத ஓடை. நான் காலையில நடக்கப் போகையில பாக்கேன், மழை தொடங்குன நாள்ல இருந்து தண்ணி ஓடுது. உன் படத்துல கோடே இல்லை. சனிக்கிழமை போவோம். உங்கப்பனோட பூட்ஸ் எனக்குச் சேரும், போட்டுப் பாத்துட்டேன். கரையில நின்னு பாக்கதுக்கு லைசென்சு ஒண்ணும் வேண்டாம்ல?