கணக்குப்பிள்ளைகளும் ஒரு கிழவியும்

கணக்கு எழுதுவதில் நாஜிகளை மிஞ்ச ஆளில்லை. மனநோயாளி ஒருவரைப் பராமரிக்க நாளொன்றுக்கு இவ்வளவு மார்க் செலவு. அந்தப் பணத்தில் எத்தனை புதுமணத் தம்பதிகளுக்குக் கடன் கொடுக்கலாம்? 1930களில் ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணக்கு இது. சமர்த்துப் பிள்ளைகள் விடை கண்டுபிடித்துச் சபாஷ் வாங்கியிருப்பார்கள். பரம்பரைக் குறைபாடு உள்ள ஒருவரால் அவர் ஆயுள் முடிவதற்குள் சமுதாயத்துக்கு 60,000 மார்க் செலவு என்று படம் போட்டுச் சுவரொட்டியும் அடித்தார்கள்.

பிறகு செலவைக் குறைத்தார்கள். மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் இருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், 1941 ஆகஸ்ட் முடிவதற்குள் 70,273 பேரை விஷவாயுவால் கொன்றார்கள். கொன்ற கையோடு பேனாவை எடுத்தார்கள். இத்தனை பேரும் இனிப் பத்து வருஷத்துக்குச் சாப்பிடப்போவதில்லையே, அதில் உருளைக்கிழங்கு எவ்வளவு மிச்சம், ரொட்டி எவ்வளவு மிச்சம் என்று இனம்வாரியாக ஏடு போட்டார்கள். ஜாமுக்குக்கூடத் தனி வரி உண்டு. மொத்த மிச்சம் 88 கோடி மார்க்குக்கு மேல். அந்த ஏடு 1945இல் ஆஸ்திரியாவின் ஹார்ட்ஹைம் கோட்டையில் அகப்பட்டது.

அதே ஆஸ்திரியாவில், வியன்னாவில், 1905இல் பிறந்த யூதப் பெண் ஹில்டே ஹோல்கர். இருபது வயது தாண்டியதுமே சொந்தமாக நடனப் பள்ளி தொடங்கியவர். நாஜிகள் வந்த பிறகு மேடை பறிபோனது. 1939இல் பம்பாய்க்குத் தப்பினார். தப்ப முடியாத தாயும் சகோதரியும் கொல்லப்பட்டார்கள். பம்பாயில் ஒரு பார்சி மருத்துவரை மணந்தார். அங்கேயும் ஒரு நடனப் பள்ளி நடத்தினார். 1948இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு மகன் டேரியஸ் பிறந்தான், டவுன் சிண்ட்ரோமோடு.

லண்டனில் விஷவாயு அறை கிடையாது. அங்கே இருந்தவர்கள் டை கட்டிய கணக்குப்பிள்ளைகள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பள்ளிக் கல்விக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று சட்டத்திலேயே எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் வாங்கி, பள்ளிக்கூட வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அரிச்சுவடிக்கே லாயக்கில்லை என்றால் ஆசிரியர் சம்பளம் மிச்சம்தானே!

ஹோல்கர் அந்தச் சட்டத்தோடு வழக்காடவில்லை. மகனை ஆடவைத்தார். அவனைப் போன்றவர்களையும் ஆடவைத்தார். 1968இல், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள இளைஞர்களை லண்டனின் புகழ்பெற்ற சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஏற்றினார். ‘ஒளியை நோக்கி’ என்ற அந்த நடனத்தை இசையமைப்பாளர் க்ரீக்கின் இசைக்கு ஆடினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1971இல். அரசாங்கத்துக்குப் புத்தி வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே அவர்கள் மேடையில் நின்றுவிட்டார்கள்.

இதைச் சேவை என்று சொல்பவர்கள் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும். கேம்டன் வட்டாரத்தில் ஒரு நிலவறைக்குள் தொண்ணூறு வயதைத் தாண்டியும் அந்தக் கிழவி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2001இல் 95 வயதில் இறந்தார். அது அவருடைய தொழில். வியன்னாவில் செய்த அதே தொழில். ஆடுபவரின் குரோமோசோம் எண்ணிக்கை மாறியதால் நடனம் தர்மகாரியம் ஆகிவிடாது.

அவருடைய மாணவர் வுல்ஃப்காங் ஸ்டாங்கே, பெர்லினிலிருந்து வந்தவர். 1980இல் லண்டனில் அமிச்சி என்ற நடனக் குழுவைத் தொடங்கினார். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாக ஆடும் குழு. அவர் இலங்கைக்கும் போனார். போரில் ஊனமுற்ற படைவீரர்களையும் பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்களையும் ஒரே மேடையில் ஏற்றினார். அதைத் தொடர 2000இல் சுனேரா அறக்கட்டளையை நிறுவியவர் சுனேத்ரா பண்டாரநாயக்க. அப்போது போரை நடத்திக்கொண்டிருந்த அதிபர் சந்திரிகாவின் அக்கா. தங்கையின் அரசாங்கம் ஆளைப் போருக்கு அனுப்பியது. திரும்பி வந்தவருக்கு அக்காவின் அறக்கட்டளை மேடை தந்தது. ஒரே வீட்டில் வரவும் செலவும்! அந்த அக்காவையாவது பாராட்டலாம். பின்னால் வந்தவர்கள் கிளிநொச்சியில் வெற்றிச் சின்னம் எழுப்பினார்கள். சிமெண்டுக்குக் கால் போகாது, ஓய்வூதியமும் கேட்காது.

அமெரிக்கக் கணக்குப்பிள்ளைகளின் கைவண்ணம் வேறு. இராணுவப் பயிற்சியில் இரண்டு கைகளையும் இழந்த ஹெரால்ட் ரஸ்ஸல் 1946இல் ஒரு படத்தில் நடித்தார். இவருக்கு எங்கே ஆஸ்கர் கிடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே இரக்கப்பட்டு, கௌரவ விருது ஒன்றைத் தயார் செய்து கொடுத்தார்கள். அதே இரவில் சிறந்த துணை நடிகர் ஆஸ்கரையும் அவரே வாங்கினார். ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர்! ஒன்று இரக்கத்துக்கு, ஒன்று நடிப்புக்கு. 1992இல் மனைவியின் மருத்துவச் செலவுக்காக 60,500 டாலருக்கு அவர் விற்றது நடிப்புக்கு வாங்கியதை. விற்கக் கூடாது என்று ஆஸ்கர்காரர்களுக்கு மட்டும் கோபம் வந்தது.

2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் கதை இன்னும் ஜோர். தொடக்க விழாவை இயக்கிய இருவரில் ஒருவர் ஜென்னி சீலி, காது கேளாத நாடக இயக்குநர். விளையாட்டுக்குப் பணம் கொடுத்த புரவலர்களில் ஒன்று அட்டோஸ் நிறுவனம். ஊனமுற்றவர்களைச் சோதித்து, ‘இவர் வேலைக்குப் போகலாம், உதவித்தொகை வேண்டாம்’ என்று அரசுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த அதே அட்டோஸ்! மைதானத்துக்குள் கைதட்டல், நிறுவனத்தின் வாசலில் சக்கர நாற்காலிகளின் மறியல். பதக்கம் கொடுக்க வந்த நிதியமைச்சர் ஆஸ்போர்னைப் பார்த்து மைதானமே ஊளையிட்டது. அதனால் என்ன? சுயமாக வாழ உதவிவந்த ஒரு நிதியத்தை 2015இல் இழுத்து மூடினார்கள். விழா முடிந்தால் பந்தலைப் பிரிப்பதுதானே முறை.

சரி, ஹோல்கர் ஒன்பது வருஷம் வாழ்ந்துவிட்டுப்போன நம் நாட்டுக்கு வருவோம். நம் கணக்குப்பிள்ளைகள் இளகிய மனசுக்காரர்கள். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் பொன்னாடை, தையல் இயந்திரம், கண்ணீர். மேடைக்கு ஐந்து படி, சாய்தளம் கிடையாது. கலைஞரை நாற்காலியோடு மூட்டையைப்போல் நாலு பேர் தூக்கி ஏற்ற, அதையும் படம் பிடித்துப் போடுவார்கள், மனிதநேயம் என்று தலைப்பு வைத்து. சினிமாவில் திக்கிப் பேசினால் நகைச்சுவை. பெரிய நாயகன் கண்ணைச் செருகிக்கொண்டால் விருது. பார்வையற்ற நடிகர் ஒருவர் வாய்ப்புக் கேட்டால், ‘நடிக்க முடியுமா உங்களால்?’

பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, விதி வெறும் பரிந்துரையாக இருக்கிறது, கட்டாயமாக்குங்கள் என்று மூன்று மாதம் கொடுத்தது. நம் அரங்கங்களின் படிகளுக்கு இந்தத் தீர்ப்பை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. மேடையேறுவதற்கே சட்டம் தேவைப்படும் நாட்டில் நடிப்பைப் பற்றிப் பேச நமக்கு நேரம் ஏது?

பேசாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கலைஞர்களின் நாடகத்தைப் பார்த்துவிட்டு ‘இரண்டாம் காட்சி இழுவை’ என்று ஒரு விமர்சகரும் எழுதுவதில்லை. ‘நெஞ்சம் நெகிழ்ந்தது’ என்றுதான் எழுதுகிறார்கள். திட்டு வாங்கும் தகுதிகூட இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். உருளைக்கிழங்கு எண்ணியவன் அவர்களைச் செலவில் எழுதினான். நாம் நன்கொடையில் எழுதுகிறோம். கலைஞர் பட்டியலில் எழுத இருவருக்குமே கை வரவில்லை.

ஆகவே, நெகிழ்ந்துபோகும் பெருமக்களே, அடுத்த முறை கைதட்டுவதற்கு முன் மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு, அரங்க நிர்வாகியைத் தேடிப்போய்ச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். நாடகம் நன்றாக இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். நன்றாக இருந்தால் டிக்கெட் வாங்கி இன்னொரு முறை பாருங்கள். கண்ணீரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே அது யாருக்கும் தேவையில்லை.