வால் இலக்கணம்: பழைய வெட்சூட்டில் கடற்கன்னி வால் அமைத்தல் குறித்த முன்னோடி ஆய்வு

1. பாயிரம்

கடற்கன்னி வால் என்பது, இரண்டு கால்களையும் இடுப்பிலிருந்து ஒரே உறைக்குள் அடக்கி, அடியில் அகன்ற துடுப்பாக முடிந்து, அணிந்தவரை நிலத்தில் நடக்க இயலாதவராகவும் நீரில் ஓரளவு நகரக்கூடியவராகவும் ஆக்கும் உடையாகும். இதனை விலைக்கு வாங்கி அணிவோர் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார். ஏனெனில் பணம் கொடுத்துத் தீர்த்துவிடக்கூடிய சிக்கலிலிருந்து எந்த இலக்கணமும் பிறந்ததில்லை. பிறர் அணிந்து கழித்த வெட்சூட்டுகளை, அதாவது அலைச்சறுக்கு வீரர்களும் முக்குளிப்போரும் குளிர் தாங்க அணியும் ரப்பர் நுரை உடைகளை, மலிவாக வாங்கி, வெட்டி, ஒட்டி, தைத்துத் தம் வாலைத் தாமே செய்துகொள்வோரே இங்கு ஆய்வுப் பொருளாவர்.

இத்துறையில் முன்னோர் எழுதியவை பல. அவற்றுள் பாதி மற்றப் பாதியை மேற்கோள் காட்டுகிறது. மற்றப் பாதி நன்றி மறவாமல் முதற்பாதியை மேற்கோள் காட்டுகிறது. இரு சாராருள்ளும் வெட்சூட்டைக் கையால் தொட்டவர் இருந்ததற்கான தடயம் இல்லையாதலால், இரு சாராரும் பற்றற்ற நடுநிலையாளர் என்றே கொள்ளப்படுகின்றனர்.

2. வரலாற்றியல்

கடற்கன்னி வாலின் வரலாற்றை முற்காலம், வெட்சூட் மருவிய காலம், பிற்காலம் என மூன்றாகப் பகுப்பது மரபு; இங்கு முற்காலம் மட்டுமே கூறப்படும். முற்காலத்தில், ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனையான அனெட் கெல்லர்மன் 1911இல் வெளிவந்த 'தி மெர்மெய்ட்' என்ற ஊமைப்படத்தில் வாலணிந்து நீந்தினார். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள வீக்கி வாச்சி நீரூற்றில், கடற்படையினருக்கு நீச்சல் பயிற்சி அளித்தவரான நியூட்டன் பெர்ரி, நீருக்கடியில் ரப்பர் குழாய் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டு பெண்கள் நடிக்கும் அரங்கைத் திறந்தார். ஆண்டு முழுவதும் சுமார் 23 டிகிரி செல்சியசிலேயே நிற்கும் அந்த ஊற்று நீரில் மணிக்கணக்கில் சிரித்த முகத்தோடு இருப்பதே கடற்கன்னியின் முதன்மைத் தகுதி என்பது அங்குதான் நிறுவப்பட்டது. 1948இல் வெளிவந்த 'மிராண்டா' என்ற பிரிட்டிஷ் படத்தில் கிளினிஸ் ஜான்ஸ் அணிந்த வாலை டயர் தயாரிக்கும் டன்லப் நிறுவனம் செய்து கொடுத்தது; வால் என்பது துணிக்கு உரியதா ரப்பருக்கு உரியதா என்ற நெடுநாள் வழக்கு இவ்வாறு டயர்க்காரர்களால் தீர்க்கப்பட்டது.

1842இல் பி. டி. பார்னம் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த 'ஃபிஜி கடற்கன்னி'யை இவ்வரிசையில் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். அது குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்தது. வால் மட்டுமின்றி ஆளும் பழைய பொருளில் செய்யப்பட்டமையால், அது மிகைபடக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும் என விலக்குக.

3. பொருளியல்

நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் 1930இல் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் உருவானது. அதை நுரையாக ஊதி, மூடிய சிறு குமிழிகளில் நைட்ரஜனை அடைத்து, இருபுறமும் நைலான் துணி ஒட்டினால் கிடைப்பதே வெட்சூட் துணி. அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளரான ஹியூ பிராட்னர், 1950களின் தொடக்கத்தில், உடலைச் சூடாக வைக்க உடை நனையாமல் இருக்கத் தேவையில்லை, துணிக்குள் சிறைப்பட்ட வாயுவே போதும் என்று கண்டார். கலிஃபோர்னியாவில் அதைக் கடைச்சரக்காக்கிய ஜாக் ஓநீலுக்கும் மீஸ்ட்ரெல் சகோதரர்களுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பதில் நெடுங்காலம் பூசல் நிலவியது. அணுவைப் பிளந்த கூட்டத்தில் இருந்தவர் கண்ட உடுப்புக்குக் கடைக்காரர்கள் உரிமை கோரி நின்றது, கண்டுபிடித்தவருக்கும் கடை வைத்தவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும்.

வெட்சூட்டின் மீது 3/2 அல்லது 4/3 என்று இருப்பின், அது பின்னமன்று; முதல் எண் உடற்பகுதியின் கனத்தையும் அடுத்தது கைகால் பகுதியின் கனத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். பழைய வெட்சூட்டை வாங்குமுன் மடித்துப் பார்த்தல் வேண்டும். வெயிலில் கிடந்து விறைத்தது மடிப்பில் வெடிக்கும், வெடித்தது வாலுக்கு ஆகாது.

4. மணவியல்

அலைச்சறுக்கு வீரர்கள் குளிருக்கு வெட்சூட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது உலகறிந்த வழக்கமாதலால், துவைத்தபின் அடுத்த இயலுக்குச் செல்க.

5. உருவியல்

மீனின் வால் நெடுக்காக நிற்பது, பக்கவாட்டில் அசைவது. திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு ஆகிய பாலூட்டிகளின் வால் கிடையாகப் படுத்திருப்பது. மேலும் கீழும் அசைவது. மனிதரின் முதுகெலும்பு முன்னும் பின்னுமே நன்றாக வளையுமாதலால், மனிதர் அணியும் வால் கிடையாகவே அமைய வேண்டும். ஆகவே உலகின் கடற்கன்னி வால்கள் அனைத்தும் ஓங்கிலின் வாலுக்கு மீனின் செதில் ஒட்டியவை என்பது தேற்றம். 1493 ஜனவரியில் மூன்று கடற்கன்னியரைக் கண்ட கொலம்பஸ், அவர்கள் ஓவியத்தில் உள்ள அளவுக்கு அழகாக இல்லை என்று குறித்தார். அவர் கண்டவை கடற்பசு இனத்தவை என்பது பிற்கால முடிவு. அவ்வினத்தின் மற்றொரு கிளைக்குப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக ஒதுக்கியுள்ளது; செதில் இல்லாமலே கடற்கன்னியாக ஏற்கப்பட்ட விலங்கினம் அது ஒன்றே.

6. புணரியல்

கால்கள் இரண்டு, வால் ஒன்று. எனவே இரண்டு ஒன்றாதல் இவ்விலக்கணத்தின் நடுப்பொருள். நிலைமொழியும் வருமொழியும் புணர்வதுபோல, இங்கு நிலைக்காலும் வருகாலும் புணரும். வெட்சூட்டின் உட்கால் தையலைக் கணுக்காலிலிருந்து கவட்டைவரை இரு கால்களிலும் பிரித்து, முன் விளிம்பை முன் விளிம்போடும் பின் விளிம்பைப் பின் விளிம்போடும் சேர்த்தால் ஒற்றைக் குழல் கிடைக்கும். வெட்டிய விளிம்புகள் இரண்டிலும் நியோபிரீன் பசையை மெல்லத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும்வரை காயவைத்து, மீண்டும் ஒருமுறை தடவி, மறுபடியும் அப்பதம் வரும்வரை காயவைத்து, அழுத்தி ஒட்டி, ஊசி துணியின் மறுபக்கம் வராதவாறு பாலியெஸ்டர் நூலால் தைத்தல் முறை. விளிம்புகள் அளவாகப் பொருந்தின் அது இயல்புப் புணர்ச்சி. பசை வழிந்து புடைப்பின் தோன்றல். வருகால் முறுக்கிக்கொண்டு பாதம் பின்னோக்கித் திரும்பின் திரிதல். அவசரத்தில் சேர்த்த விளிம்பு மீண்டும் பிரியாமல், பிரிக்க முயல்கையில் துணியே கிழியின் கெடுதல்.

ஒரு வெட்சூட்டின் கால்கள் கணுக்காலோடு முடிவதால், பாதத்துக்கு அப்பால் நீளும் பகுதிக்கு இரண்டாம் வெட்சூட்டின் கால்கள் தேவை. இரண்டின் உடற்பகுதிகளில் கிடைக்கும் அகன்ற துண்டுகள் துடுப்பின் மேலுறைக்கு ஆகும். துடுப்புக்குள் இருப்பது மோனோஃபின், அதாவது இரு பாதங்களும் ஒருசேர நுழையும் ஒற்றைப் பலகை. இவ்வாறு இரண்டு வெட்சூட்டுகள் சேர்ந்த இடத்தில்தான், இத்துறையின் அறிஞரைப் பிளவுபடுத்திய பெருஞ்சிக்கல் எழுகிறது.

7. முழங்காலியல்

பலகையில் மண்டியிடும் வீரர்களுக்காக வெட்சூட்டின் முழங்காலில் தேய்வு தாங்கும் தடித்த ஒட்டு ஒன்று இருக்கும். வெட்சூட்டைக் கடற்கன்னி வாலாக்கியபின் அந்த ஒட்டு வாலின் முன்பக்கத்தில் அப்படியே நிற்கிறது. கடற்கன்னிக்கு முழங்கால் உண்டா என்ற வினா, அவள் உண்டா என்ற வினாவைக் காட்டிலும் கூடுதலான பக்கங்களைப் பெற்றிருப்பது இதனால்தான்.

நீக்கற் கொள்கையினர், முழங்கால் இல்லாதவளுக்கு முழங்கால் ஒட்டு பொருந்தாது என்று அதை வெட்டியெடுப்பர். வெட்டிய இடத்தில் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கத் தடித்த துண்டு வேண்டும். எஞ்சிய துணியில் தடித்த துண்டு என்பது மற்ற வெட்சூட்டின் முழங்கால் ஒட்டு ஒன்றே. ஒரு முழங்காலை நீக்கி மற்றொரு முழங்காலை வைக்கும் இம்முறை முழங்காற் சுழற்சி எனப்படும். மறைத்தற் கொள்கையினர் அதன்மேல் செதில் வரைவர். பெருக்கற் கொள்கையினர், இரண்டு வெட்சூட்டுகள் சேர்ந்தமையால் வாலில் மேல் முழங்கால் இரண்டு, கீழ் முழங்கால் இரண்டு, ஆக நான்கு என எண்ணி, அத்துடன் மனநிறைவு கொள்வர்.

நீக்கற் கொள்கையினர் தமக்கு ஆதாரமாகக் காட்டுவது ஓர் ஏட்டுச்சுவடி. சுவடி கிடைக்கவில்லை, சுவடி இருந்ததாகக் கூறும் கடிதம் கிடைத்தது, கடிதத்தில் குறிப்பிட்ட வரி மட்டும் மடிப்பில் கிழிந்துள்ளது, மடிப்பு என்பது காகிதத்தின் முழங்கால் ஆதலின், அது கிழிந்தமையே முழங்கால் இன்மைக்குச் சான்று என்பர். இதை மறுப்போர் காட்டுவது, எந்தக் கருத்தரங்கிலும் வாசிக்கப்படாத ஒரு கட்டுரையின் அச்சேறாத இரண்டாம் பதிப்பில், முதற்பதிப்பில் இடம்பெறாத அடிக்குறிப்பு ஒன்றை. அதில் 'மேலது காண்க' என்று மட்டும் உள்ளது. மேலே ஒன்றும் இல்லை.

இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் சான்று ஒன்றே. அது இவ்வாய்வின் தேவைக்கென அண்மையில் இயற்றப்பட்ட தொன்மையான நூற்பா:

முழங்கால் இன்றே கடல்மகள் வாற்கே.

இதன் ஈற்று ஏகாரத்தைத் தேற்றம் என்று கொண்டால், கடற்கன்னி வாலுக்கு முழங்கால் உறுதியாக இல்லை. பிரிநிலை என்று கொண்டால், வாலுக்கு மட்டுமே இல்லை, அவளுக்கு வேறிடத்தில் உண்டு என்றாகும். எவ்விடம் என்பதைக் கண்டறியும் பணி இரு தலைமுறை முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குப் போதுமானது. வினா என்று கொண்டால் நூற்பா தானே விடையறியாது கேட்கிறது. ஈற்றசை என்று கொண்டால் பொருள் தெளிவாகிவிடுமாதலால், அவ்வுரையை எவரும் ஏற்கவில்லை.

'இன்றே' என்பதை 'இன்றைய நாளில்' என்று பிரித்து, நேற்றுவரை முழங்கால் இருந்தது என நிறுவுவாரும் உளர். இவர்களே உயிரியலுக்கு மிக அருகில் வந்துவிட்டவர்கள். திமிங்கிலங்களின் மூதாதையர் நிலத்தில் நடந்த நாற்கால் பாலூட்டிகள். போஹெட் என்ற வடகடல் திமிங்கிலத்தின் தசைக்குள் இடுப்பெலும்போடு தொடையெலும்பின் எச்சமும் இன்றுவரை புதைந்து கிடக்கிறது. கடற்பசுவுக்கும் இடுப்பெலும்பின் எச்சம் உண்டு. தவறான பிரிப்பால் சரியான முடிவுக்கு வந்தமையால், இவ்வுரைகாரர்கள் இரு தரப்பாலும் கண்டிக்கப்பட்டனர்.

இவ்விவாதத்தில் ஈடுபட்டோருள் நீந்தத் தெரிந்தவர் எவரும் இலர் என்பது குறையாகக் கருதப்படுவதில்லை. நீந்தத் தெரிந்திருப்பின், வாலடிக்கும்போது விசை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்காலை மிகையாக மடக்கினால் உந்துவிசை வீணாகும் என்பதையும், தடித்த முழங்கால் ஒட்டு அம்மடக்கத்தைச் சற்றே தடுக்குமாதலால் அதை வெட்டாமல் விடுவதே இலாபம் என்பதையும் சொல்லிவிட்டிருப்பர். அத்துடன் இவ்வியல் முடிந்து, பல பதவி உயர்வுகள் நின்றுபோயிருக்கும்.

8. செதிலியல்

வாலின்மேல் மீன்வலையை விரித்து அதன் கண்களின்மேல் துணிச்சாயம் தெளித்தால் செதில் கிடைக்கும்.

9. மிதவையியல்

நியோபிரீனின் குமிழிகள் மிதப்பவை. வாலுக்குள் இத்தனை குமிழிகளைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கும் கடற்கன்னியின் வால் மேலும் தலை கீழுமாகத் திரும்ப விரும்பும். ஆகவே துடுப்பின் அருகே சிறு ஈயக் கட்டிகள் வைத்துச் சமன் செய்வர். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதுபோல் இருமடங்காவதால் குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். மேலே மிதந்த வால் அங்கே மூழ்கும். அளவறிந்து ஈயம் வைக்க.

10. ஒழிபியல்

நியூசிலாந்தின் வேட்டா ஒர்க்ஷாப், இரு கால்களையும் இழந்த நாடியா வெஸ்ஸி என்ற பெண்ணுக்கு வெட்சூட் துணியும் பாலிகார்பனேட் முதுகெலும்பும் துடுப்பும் கொண்ட வாலைச் செய்து கொடுத்த செய்தி 2009இல் வெளிவந்தது. அந்த வால் அடிக்குறிப்பு எதுவுமின்றி நீந்தியது.

எஞ்சியது ஒன்று. வாலுக்குள் இரு கால்களும் கட்டுண்டவரால் நீரில் இடறினால் எழுந்து நிற்க முடியாது. கனடாவின் எட்மன்டன் நகரம் 2015இல் தன் பொதுக் குளங்களில் கடற்கன்னி வாலைத் தடை செய்தது பாதுகாப்பைக் கருதியே. முழங்காலுக்குக் கிடைத்த பக்கங்களில் சிறு பங்கும் இதற்குக் கிடைக்காதது வியப்பன்று. இதில் கருத்து வேறுபாடு இல்லை, கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் கட்டுரை வளராது. ஆகவே வால் செய்வோர் இவ்வாய்வை மூடி வைத்துவிட்டு, நீந்தத் தெரிந்த ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், பிறர் கை படாமல் வாலைத் தாமே கழற்றிப் பார்க்க. கழலாவிடில் தையலைப் பிரித்து, இடுப்பைத் தளர்த்தி, மீண்டும் தைக்க.