கண்ணாடியை எறக்குடா பேராண்டி

வாடா பேராண்டி, குந்து. புதுக் காரு வாங்கிகீறியாமே. சீட்டெல்லாம் லெதருன்னு உங்கம்மா சொல்லிச்சு. நீ உள்ள காபி குடிக்கிற நேரத்துல வெரலை வெச்சு அழுத்திப் பாத்தேன். ரெக்சின்டா அது! சொந்த ஊரு ஆம்பூரு, தெருவுக்கு நாலு பேரு தோல் வேலை செஞ்சவங்க. நீ ரெக்சினைத் தோலுன்னு நம்பி துட்டு குடுத்துட்டு வந்து நிக்கிற. இங்க தைக்கிற ஷூ சீமையில ஜோரா நடக்குது. இங்க பொறந்தவன் பிளாஸ்டிக்கு மேல குந்தினு போறான். சரி வுடு, உன் துட்டு.

ஞாயித்துக்கெழம ஆனா டிரைவ் போறேன்னு கெளம்பிடற. எங்கடா போனேன்னா, கிருஷ்ணகிரி வரைக்கும் போயி காபி குடிச்சிட்டு வந்தேன்ற. வழியில இன்னா பாத்தேன்னா, லாரி பாத்தேன்ற. நாப்பத்தெட்டாம் நம்பர் ரோட்டுல வேற இன்னா கீது பாக்கறதுக்கு? சென்னையில தள்ளினா பெங்களூர்ல போயி விழட்டும்னு போட்ட குழாய் அது. பள்ளிகொண்டான்னா உனக்கு இன்னா ஞாபகம் வருது? டோல்கேட்டு. பாலாத்தங்கரையில உத்தர ரங்கநாதரு எத்தன காலமா படுத்துனு கீறாரு, ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பியா? ஃபாஸ்டேக்கு ‘டிங்’னு அடிச்சா தாண்டிட்ட. பெருமாள் எழுந்து குந்தினா, ‘ஏம்பா, என் பேரைச் சொல்லி இங்க வசூல் பண்றது யாரு’ன்னுதான் மொதல்ல கேப்பாரு.

நான் சொல்ற ஒண்ணே ஒண்ண செய். பெரிய ரோட்டை வுட்டு எறங்கு. முப்பதுலயே போ. ஏசியை நிறுத்திட்டு கண்ணாடியை எறக்கு. ஏன்னா நம்ம ஊரைக் கண்ணால பாக்கறது பாதிதான். மீதியை மூக்காலதான் பாக்கணும்.

மொதல்ல விரிஞ்சிபுரம் போ. வேலூருக்குக் கிட்டத்தான். பெரிய ரோட்டுலேர்ந்து ஒரு திருப்பு, அவ்ளோதான். அங்க கீற சாமி மார்க்கபந்தீசுவரரு. வழித்துணைநாதர்னு சொல்லுவாங்க. மைசூர் பக்கத்துலேர்ந்து மொளகு மூட்டை ஏத்திகினு காஞ்சிபுரம் போன யாவாரி ஒருத்தன், திருட்டுப் பயம் தாங்காம இவர்கிட்ட வேண்டிகினானாம். சாமியே ஆளா மாறி வழி பூரா காவலுக்குக் கூடப் போனாராம். உன் போன்லயும் ஒரு பொம்பள கூடவே வருது. அது நம்ம தெருப் பையன் ஒருத்தனைக் காரோட பாலாத்து மணல்ல எறக்கி வுட்டுட்டு, ‘நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது’ன்னு சொல்லிச்சு. டிராக்டர் கட்டி இஸ்தாங்க. கோயிலுக்குப் போனா மதிலை நின்னு பாரு. திருவிரிஞ்சை மதிலழகுன்னு சொலவடையே கீது. உள்ள நேரம் காட்டற கல்லு ஒண்ணு வெச்சிகீறாங்க, அரைவட்டமா எண்ணு வெட்டி. அதுல குச்சியை வெச்சா, நெழலு எங்க விழுதோ அதான் மணி. உன் கையில கீற வாச்சு ராத்திரி சார்ஜு போடலன்னா காலையில செத்துப் போவுது.

அப்பால மாதனூர்ல திரும்பி ஒடுகத்தூர் பக்கம் வுடு. ரோட்டோரத்துல மஞ்சளா பூத்துகீது பாரு, ஆவாரம். நீ இன்னா பண்ணுவ? பூ பக்கத்துல மூஞ்சியை வெச்சு போட்டோ புடிப்ப. அந்தச் செடியோட பட்டைதான்டா இந்தப் பக்கத்துக்கே சோறு போட்டது. பட்டையைத் தண்ணியில ஊறவெச்சு, அந்தச் சாறுல தோலைப் போட்டு, கடைசியில கடுக்காத் தண்ணியில முடிப்பாங்க. அப்பிடிப் பதம் போட்ட தோலுக்குத்தான் ஈஸ்ட் இந்தியா தோலுன்னு சீமையில பேரு. வாரக்கணக்குல ஊறும். அவசரப்பட்டா தோலு கெட்டுப்பூடும், அதனால மொதலாளிகூட காத்துனுதான் கீணும். சுண்ணாம்புத் தொட்டியில எறங்கினவன் எந்தத் தெரு, கல்லாவுல குந்தினவன் எந்தத் தெருன்னு நீ படிச்ச புஸ்தகத்துல இருக்காது. வழியில டீக்கடையில வண்டியை நிறுத்தி எந்தக் கெழவனைக் கேட்டாலும் சொல்லுவான். ஆனா ஒண்ணு, டீக்காசு நீதான் குடுக்கணும்.

1970கள்ல, அரைப்பதத் தோலை அனுப்பாத, முழுசா முடிச்சு அனுப்புன்னு கவருமெண்டு கெடுபிடி பண்ணிச்சு. துட்டு பெருசா வந்துச்சு. கூடவே தோலைப் பதம் போடற குரோமியமும் பெருசா வந்துச்சு. வாரக்கணக்கு வேலை டிரம்முக்குள்ள மணிக்கணக்குல முடிஞ்சிச்சு. வேகமாப் போறதுதான் முன்னேத்தம்னு நீ சொல்லுவியே, அதுக்கு இன்னா வெலைன்னு தெரியணும்னா வழியில எதுனா ஒரு கெணத்துத் தண்ணியை வாயில வெச்சுப் பாரு. துப்பிட்டு வா, பேசலாம்.

வேலூரைப் பத்தி ஒரு கிண்டலு உண்டு. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராசா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயிலு. இதுல ஜலகண்டேஸ்வரரு 1981லயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துட்டாரு. பாலாறுதான் வரல. நந்திமலையில பொறந்து, தமிழ்நாட்டுல மட்டுமே 222 கிலோமீட்டரு ஓட வேண்டிய ஆறு. 2021 நவம்பர்ல வந்துச்சு பாரு, தரைப்பாலமெல்லாம் அரிச்சுகினு போச்சு. பாலம் போச்சேன்னு அழறதா, ஆறு வந்துச்சேன்னு கும்பிடறதான்னு தெரியாம கரையில நின்னோம். நின்னவங்கள்ல பாதிப் பேரு செல்போனைத் தூக்கிப் புடிச்சினு இருந்தாங்க.

இதே ஆத்துல டேனரிக் கழிவு கலக்குதுன்னு 1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1996 ஆகஸ்டு 28ல தீர்ப்பு. கெடுத்தவன்தான் துட்டு கட்டணும், கெடுதல் வரும்னு தெரிஞ்சா ருசு கெடைக்கிற வரைக்கும் கையைக் கட்டினு நிக்காதேன்னு கோர்ட்டு சொல்லிச்சு. 35,000 ஹெக்டேர் நெலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு ஆவாமப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே எழுதிகீது. டேனரி ஒவ்வொண்ணுக்கும் பத்தாயிரம் ரூபா அபராதம். பத்தாயிரம்! நெலத்தைக் கெடுத்ததுக்கு. நஷ்டத்தைக் கணக்குப் போட்டு வசூல் பண்றதுக்குத் தனியா ஒரு ஆணையத்தை வெக்கச் சொன்னது வேற கதை. வக்கீலுக்குப் படிக்கிற பசங்க டெல்லியில குந்தினு நம்ம ஆத்தைப் பத்திப் படிக்கிறாங்க. நீ அந்த ஆத்தங்கரை ரோட்டுல நாத்தம்னு கண்ணாடியை ஏத்திகினு போற. ஏத்தாத. உன்னைப் படிக்க வெச்ச பீசு அந்த நாத்தத்துலேர்ந்துதான் வந்துச்சு.

ஆம்பூருக்குத் திரும்பினா பிரியாணி துன்னாம வரமாட்ட, தெரியும். சீரகச் சம்பா, தொட்டுக்க கத்திரிக்கா. துன்னு, வேணான்னு சொல்லல. 2022 மே மாசம் இங்க பிரியாணித் திருவிழா நடத்தறதா அறிவிச்சாங்க. எந்தக் கறி எலையில வரலாம், எந்தக் கறி வரக்கூடாதுன்னு பேச்சு முத்திச்சு. கடைசியில மழை வருதுன்னு சொல்லி தள்ளி வெச்சாங்க. மாட்டுத் தோலு ஊருக்கே சோறு போடலாம், மாட்டுக் கறி மட்டும் எலைக்கு வரக்கூடாது. அந்த வருசம் மழைக்கு நல்ல புத்தி!

காட்பாடிக்கு வடக்கால ஒரு நாள் ஒதுக்கு. திருவலம் தாண்டி பொன்னை ஆத்து ஓரமா போனா மேல்பாடி வரும். தஞ்சாவூர்ல பெரிய கோயிலு கட்டினான் பாரு ராஜராஜன், அவனே இங்க ஒரு சின்னக் கோயிலு கட்டிகீறான். யாருக்கு? அவன் தாத்தா அரிஞ்சயனுக்கு, பள்ளிப்படை. தாத்தாவுக்கு! அவன் பேரன்டா. நீயும் ஒரு பேரன். பெங்களூர்லேர்ந்து வர்றப்போ ஒரு வெத்தலைக் கட்டாச்சும் வாங்கினு வர்றியா? அதே பக்கத்துல வள்ளிமலை. வள்ளிக்கும் முருகனுக்கும் ஊரே ஏறுது. அதே மலையில சமணர் குகை கீது, பாறையில உருவம் செதுக்கிகீறாங்க. அங்க கூட்டமே இருக்காது. கூட்டம் இல்லாத எடத்துல இன்னாத்தப் பாக்கறதுன்னு நீயும் திரும்பிடாத.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் போனா திண்ணையில பீடி சுத்தற பொம்பளைங்களைப் பாப்ப. கேக்காம போட்டோ எடுக்காத. வைகாசி ஒண்ணாந்தேதி மட்டும் குடியாத்தத்துக்குள்ள வண்டியை வுடாத. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், உன் காரை ஜனமே தூக்கினு போயி ஓரமா வெச்சிடும். பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திராவுக்கு ஏறற மலை ரோட்டுல யானை வரும். வந்தா நிறுத்து, ஹாரன் அடிக்காத. யானைக்கு உன் காரு இன்னா மாடலுன்னு தெரியாது.

ஏலகிரி ரோட்டுக்கு வருவோம். அங்கதான் நீ அடிக்கடி போற, அங்கதான் உன் லட்சணமும் தெரியுது. பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஏழுக்குப் புலவருங்க பேரு, ஏழுக்குக் கடையெழு வள்ளலுங்க பேரு. பாரி இன்னா பண்ணான்? முல்லைக்கொடி தவிக்குதுன்னு தேரையே குடுத்துட்டு நடந்து போனான். நீ அவன் பேரு போட்ட வளைவுல, மேல ஏறி வர்ற பஸ்ஸுக்கு வழி வுடாம மூக்கை நீட்டினு நிக்கிற. மலையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் மொதல் வழி, எறங்கறவன் ஒதுங்கணும். இது லைசன்ஸ் வாங்கசொல்லவே கேட்டிருப்பாங்க, நீ யாரை வுட்டு எழுதினியோ. பேகன் மயிலுக்குப் போர்வை குடுத்தான். நீ அவன் வளைவுல கொரங்குக்கு சிப்ஸ் பாக்கெட்டு குடுக்கற, அதுவும் காலி பாக்கெட்டு. அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் குடுத்தான். உன் பொண்டாட்டி ஜன்னலோரம் கேட்டுச்சே, குடுத்தியா? எறங்கசொல்ல ரெண்டாவது கியருல எறங்கு. பிரேக்கையே மிதிச்சினு வந்தா, கீழ வர்றதுக்குள்ள உன் வண்டியும் டேனரி மாதிரி நாறும்.

கடைசியா ஜவ்வாது மலை. எனக்குப் புடிச்ச ரோடு அதான். வாணியம்பாடியிலேர்ந்து ஆலங்காயம், ஆலங்காயத்துலேர்ந்து காவலூரு. மரம் ரெண்டு பக்கமும் கூடி வரும், காத்து மாறும். அங்க வானத்தைப் பாக்கற ஆபீசு ஒண்ணு கீது. வேணு பாப்புன்னு ஒரு விஞ்ஞானி எடம் தேடி அலைஞ்சு, இருட்டு நல்லா கீதுன்னு இந்தக் காட்டை எடுத்தாரு. இங்கேர்ந்து பாத்தா வடக்கு வானமும் தெரியும், தெக்கு வானத்துலயும் பெரும்பங்கு தெரியும். 1960கள் கடைசியில 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986ல ராஜீவ் காந்தி வந்து தொறந்து வெச்சாரு. அதைப் பாக்க பாப்பு உசுரோட இல்ல. அவர் பேரைத்தான் வெச்சாங்க. 1988ல இங்கேர்ந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபுடிச்சு, அதுக்கு ராமானுஜன்னு கணக்கு மேதை பேரு வெச்சிகீறாங்க. கீழ தோலு, மேல நட்சத்திரம், நடுவுல ஒரு மணி நேர ரோடு. இப்பிடி ஒரு ஜில்லா எங்கடா கீது?

அந்த எடத்துக்கு இருட்டுதான் மூலதனம். நீ ஹைபீம் போட்டுகினு, மேல நாலு கலர் லைட்டு மாட்டிகினு, பாட்டை அலறவுட்டுகினு போனா, நட்சத்திரம்கூட மூஞ்சியைத் திருப்பிக்கும். அடக்கமா போ. ஜமுனாமரத்தூர்ல சாமை வாங்கு, தேன் வாங்கு. பேரம் பேசாத. மலைக்காரங்க உன்கிட்ட காரு இன்னா வெலைன்னு பேரம் பேசினாங்களா? அப்பால வந்த வழியே திரும்பாத. அமிர்தி காட்டு வழியா வேலூருக்கு எறங்கு. பொழுது சாயறதுக்கு முன்ன எறங்கிடு, மழை நாள்ல போவாத. டீசலை ஆலங்காயத்துலயே போட்டுக்க. ஸ்டெப்னியில காத்து கீதான்னு வீட்டுலயே பாரு. காவலூர்ல பொது ஜனம் பாக்கறதுக்குன்னு சனிக்கெழமையைத்தான் ஒதுக்கி வெச்சிகீறாங்க. மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது. கெளம்பறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டுக்க. ஞாயித்துக்கெழம போயி கேட்டுல நின்னுகினு எனக்கு போன் பண்ணாத.