கடைசி வாய்: சென்னை அடுக்ககங்களில் சோறூட்டல் குறித்த ஓர் ஆய்வு

மூன்று வயதுக் குழந்தை ஒரு கிண்ணம் பருப்புச் சோறு உண்ண எத்தனை பெரியவர்கள், எத்தனை மாடிகள், எத்தனை வாகனங்கள் தேவை என்பது தமிழில் இதுவரை முறையாக ஆராயப்படாத பொருள். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். ஆனால் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, விழுங்காமலும் துப்பாமலும், மின்விசிறியைப் பார்த்தபடி இருக்கும் முகத்தை அந்த எட்டில் எதில் சேர்ப்பது என்று அவர் சொல்லவில்லை. அது இளிவரல் என்று கொள்வாரும் உளர். பெருமிதம் என்பதே இவ்வாய்வாளர் துணிபு.

ஆய்வுக்களம் நங்கநல்லூரில் உள்ள நான்கு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் உண்டு. மொட்டை மாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. ஆய்வுக்குரியவர் ஒரே ஒருவர், பெண், வயது மூன்று, எடை அவள் பாட்டியின் கணக்கில் எப்போதும் குறைவு. ஊட்டுநர் குழுவில் அம்மா, அப்பா, திருவாரூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி ஆகியோர் நிரந்தர உறுப்பினர்கள். வாட்ச்மேன் அண்ணன், எதிர்வீட்டு ஆன்ட்டி, காக்கை, தண்ணீர் லாரி ஓட்டுநர் ஆகியோர் தம்மை அறியாமலேயே சேர்க்கப்பட்டவர்கள்.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. குழந்தை சோறு தின்பதில்லை. குழந்தை வேடிக்கை பார்க்கிறது. வேடிக்கை பார்க்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. திறந்த வாயில் சோறு போய்விடுகிறது. பசி என்ற சொல் இக்கட்டுரையில் இனி வராது; களத்தில் அது எங்கும் தென்படவில்லை.

இது நகரத்தால் வந்த கேடு, செல்போனால் வந்த கேடு என்று சொல்வோர் சங்க இலக்கியம் படிக்காதவர்கள். நற்றிணையின் 110ஆம் பாடலில் போதனார் இத்துறையின் மிகப் பழைய கள அறிக்கை ஒன்றைத் தந்திருக்கிறார். செல்வர் வீடு. தேன் கலந்த பால். பொற்கிண்ணம் ஒரு கையில், பூப்போன்ற நுனி கொண்ட சிறுகோல் மறு கையில். ஊட்டுநர்கள் நரைத்த கூந்தல் கொண்ட செவிலியர், ஒருவரல்லர், பலர். குழந்தை முத்துப் பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடுகிறது. துரத்தித் துரத்திச் செவிலியர் ஓய்ந்துபோகிறார்கள். பால் உள்ளே போனதாகப் பாடலில் குறிப்பில்லை. பொன், தேன், ஆள்பலம், ஆயுதம் ஆகிய நான்கும் தோற்ற இடத்தில் ஒரு நான்ஸ்டிக் கிண்ணமும் வேலைக்குப் போகும் இரு பெற்றோரும் வெல்வார்கள் என்று எதிர்பார்ப்பது மிகை.

அதே குழந்தை வளர்ந்து மணமாகிப் போன வீட்டில் வறுமை. தந்தை வீட்டு வளமான சோற்றை நினைக்காமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இந்த அறிவை இவள் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். உரைகாரர்கள் இதைக் கற்பின் மேன்மை என்பார்கள். சோற்றைத் தவிர்ப்பதில் அவளுக்கு மூன்று வயதிலிருந்தே பயிற்சி இருந்தது என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வேடிக்கைப் பொருள்களின் வரலாறு. முதலில் நிலா. பெரியாழ்வார் கண்ணனோடு விளையாட நிலவை அழைத்தார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஏழாவதாக அம்புலியை வைத்தார்கள். கவிதையில் நிலா குழந்தைக்காக வருகிறது. வீட்டிலோ அது கிண்ணத்துக்காக வரவழைக்கப்படுகிறது. இதில் ஒரு வானியல் சிக்கல் உண்டு. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் எழும் நிலா, அதன்பின் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதிக்கிறது. நான்கே நாளில் அது ஒன்பது மணியைத் தாண்டிவிடும். குழந்தையின் இரவுச் சோறு எட்டு மணிக்கு. ஆக, தேய்பிறையின் பெரும்பகுதிக்கு நிலா பணிக்கு வருவதில்லை. அமாவாசையை ஒட்டி முழு விடுப்பு. வளர்பிறையில் வந்தாலும் எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நம் சந்திரயான்-3 நிலவின் தென்துருவம் அருகே இறங்கியது உண்மைதான். அந்த நிலாவை இரண்டாம் மாடி மேற்குப் பார்த்த பால்கனிக்குக் கொண்டுவர அதனாலும் முடியவில்லை.

நங்கநல்லூர்க்காரர்களுக்கு இந்தக் குறை தெரியாது. மீனம்பாக்கம் பக்கம் என்பதால் விமானங்கள் தாழப் பறக்கின்றன. ஒரு விமானத்துக்கு ஒரு வாய் என்பது இங்கே நிலைபெற்ற அளவை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால், காற்றின் திசை மாறும் நாளில் அது வரும் வழியும் மாறிவிடும். அன்றைக்கு ரசஞ்சோறு மிஞ்சும். வானிலை அறிக்கைக்கும் மிஞ்சிய சோற்றுக்கும் உள்ள இந்தத் தொடர்பை உரியவர்கள் கவனிக்க வேண்டும்.

லிஃப்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊட்டுக் கருவிகளில் இதற்கு இணை கிடையாது. கதவு மூடியதும் குழந்தை ஓட முடியாது. எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். மாடிக்கு ஒரு வாய் என்று கணக்கு வைத்தால், தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடி போய்த் திரும்பும்போது கிண்ணத்தில் பாதி காலி. எவர்சில்வர் சுவர் கண்ணாடிபோல் இருப்பதால் தன் வாயைத் தானே பார்க்கும் வாய்ப்பும் குழந்தைக்கு உண்டு. பக்கவிளைவுகள்: மூன்றாம் மாடியில் காய்கறிப் பையோடு காத்திருப்பவரின் முகம், பொத்தான்களில் நெய். பிறகு ஒருநாள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ‘லிஃப்டில் குழந்தைகளுக்குச் சாப்பாடு ஊட்டுவதைத் தவிர்க்கவும்’ என்று தாள் ஒட்டப்பட்டது. அதன்பின் ஊட்டல் கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கியது. அங்கே கவர் போட்ட கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கவருக்கு அடியிலும் ஒரு பூனை இருப்பதாக அறிவித்து, ஒவ்வொன்றாகக் குனிந்து தேடி, இல்லை என்று தெரிந்து வாய் பிளக்கும் கணத்தில் ஊட்டுவது பாட்டியின் முறை. பூனை இல்லாததுதான் இம்முறையின் பலம். இருந்துவிட்டால் தேடல் முடிந்துவிடும்.

செல்போனைப் பற்றி எல்லோரும் எல்லாமும் எழுதியாகிவிட்டது. ஒன்றிரண்டு மட்டும். உலகமெங்கும் கிண்ணத்தின் முன் ஓடும் சூச்சூ டிவி 2013இல் தொடங்கியது நம் சென்னையில்தான். நிலாவை இழந்த ஊர் மாற்று ஏற்பாடு செய்துகொண்டது என்று இதை வாசிக்கலாம். இவ்வகைப் பாடல்களில் புகழ்பெற்ற ஜானி ஜானி பாட்டு, சர்க்கரை தின்ற மகனை அப்பா விசாரித்து, வாயைத் திறக்கச் சொல்வதில் முடிகிறது. பார்க்கும் குழந்தையும் அந்த இடத்தில் வாயைத் திறக்கும். அப்போதுதான் ஸ்பூன் உள்ளே போக வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரு வேளைச் சோறே ஒன்றரை மணி நேரம் நீளும் வீடுகளை அந்நிறுவனம் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி உபாயங்கள். அம்புலிப் பருவத்தில் நிலவைச் சாமம், பேதம், தானம், தண்டம் ஆகிய நான்காலும் அழைப்பது மரபு. நிலா ஓய்வுபெற்றபின் நான்கும் குழந்தை பக்கம் திரும்பின. “என் ராஜாத்தில்ல, என் பட்டுல்ல” என்பது சாமம். “இத முடிச்சா ஜெம்ஸ் தருவேன்” என்பது தானம். ஜெம்ஸ் முன்பணமாகவே கேட்கப்படும், கொடுக்கப்படும், அத்துடன் பேச்சுவார்த்தை முறியும். “சரி போ, இந்தச் சோத்த எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துடறேன்” என்பது பேதம். குழந்தை இதற்கு உடனே சம்மதிக்கிறது. பகிர்ந்துண்ணல் பற்றி ப்ரீ கேஜியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தண்டம்தான் நுட்பமானது. பூச்சாண்டிக்குச் சென்னையில் இப்போது மவுசு இல்லை. அவன் முகவரி யாருக்கும் தெரியவில்லை. எனவே அப்பொறுப்பு வாட்ச்மேன் அண்ணனிடம் வந்தது. “சாப்புடலன்னா வாட்ச்மேன் புடிச்சிட்டுப் போயிடுவாரு.” அதே வாட்ச்மேன்தான் ஐந்து நிமிடத்துக்கு முன் “வாட்ச்மேன் மாமாவுக்கு டாட்டா காட்டு, ஆ காட்டு” என்று வேடிக்கைப் பொருளாக இருந்தவர். ஒரே ஆள் ஈர்ப்பும் அச்சமுமாக இருப்பது சமயத் தத்துவத்தில் மட்டுமே காணப்படும் நிலை. அவரோ இதொன்றும் தெரியாமல், “பாப்பா சாப்ட்டியா?” என்று அன்பாகக் கேட்கிறார். குழந்தை அலறி அம்மாவின் தோளில் ஏறுகிறது. வாயில் இருந்தது துப்பட்டாவில்.

இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு ‘கடைசி வாய்த் தேற்றம்’. எந்த ஊட்டலிலும் கடைசி வாய் என்பது ஒருமை அன்று. “இதுதான் கடைசி வாய்” என்ற அறிவிப்பு கிண்ணம் பாதியாக இருக்கும்போது முதன்முதலில் வெளியாகும். பின் “அம்மாவுக்கு ஒரு கடைசி வாய்”, “அப்பாவுக்கு ஒரு கடைசி வாய்”, “காக்காவுக்கு” என்று வேற்றுமை உருபு ஏற்று விரியும். “கடைசியோ கடைசி வாய்” என்பது ஏறக்குறைய நடுப்பகுதி. குழந்தைகள் பிற்காலத்தில் பெற்றோரின் சொல்லை நம்பாமல் போவதற்கு இளமைப் பருவக் கோளாறுகளைக் காரணம் காட்டும் உளவியலாளர்கள் இந்தக் கட்டத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

எதிர்வாதத்தையும் எடுத்துக்காட்ட வேண்டும். மருத்துவர்கள் கிண்ணத்தின் பக்கம் இல்லை. பிறக்கையில் மூன்று கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பதாகிறது. அதே மடங்கில் போனால் மூன்றாம் பிறந்தநாளில் 81 கிலோ இருக்க வேண்டும். இயற்கை அந்த விபரீதத்தைத் தவிர்க்க, ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் கூடும். ஆகவே சோறும் குறைவாகத்தான் வேண்டும். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 15 குழந்தைகளின் முன் சுமார் முப்பது வகை எளிய உணவுகளை மாற்றி மாற்றி வைத்து, எதை எவ்வளவு என்பதை அவர்களிடமே விட்டார். முடிவுகளை 1939இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார். குழந்தைகள் தாமே தேர்ந்து தின்று நன்றாகவே வளர்ந்தார்களாம். அங்கிருந்த செவிலியருக்குக் கட்டளை ஒன்றுதான்: ஸ்பூனோடு பேசாமல் உட்கார வேண்டும், குழந்தை கை நீட்டினாலொழிய ஊட்டக் கூடாது, தின்றதைப் புகழவும் கூடாது, தின்னாததற்கு முகம் சுளிக்கவும் கூடாது.

இதைப் பாட்டியிடம் தமிழில் எடுத்துரைத்தபோது முழுவதும் கேட்டார். “அதுங்களுக்கெல்லாம் பாட்டி இல்ல போலருக்கு” என்றார். ஆய்வின் வரையறை குறித்து இதைவிடக் கூர்மையான மதிப்புரை எந்த இதழிலும் வந்திராது.

எஞ்சியது மிச்சச் சோறு. இப்பாட்டி தண்ணீர்ச் செம்பை உதடு படாமல் தூக்கிக் குடிப்பவர். மகன் கடித்த முறுக்கைத் தொடமாட்டார். அடுப்பங்கரையில் எச்சில் கை பட்ட கரண்டிக்கு அன்றோடு வேலை போய்விடும். அவரே குழந்தை பிசைந்து, துப்பி, விரல் விட்டுக் கோலமிட்டுக் கைவிட்ட கிண்ணத்தை வழித்து வாயில் போட்டுக்கொள்வார். எச்சில் பற்றிய குடும்பச் சட்டத்தில் இவ்வளவு பெரிய விதிவிலக்கு வேறெங்கும் இல்லை. இதற்குச் சான்றோர் ஆதரவும் இருக்கிறது. குழந்தையின் சிறு கை துழாவிய கூழ் அமிழ்தைவிட இனிது என்று மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னார். அந்தத் துழாவல் எப்படியிருக்கும் என்று விளக்கப் பரிமேலழகர் புறநானூற்றின் 188ஆம் பாட்டைத் துணைக்கழைத்தார். அதைப் பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி. நெய்ச்சோற்றைக் குழந்தை உடம்பெல்லாம் அப்பிக்கொள்வதை மயங்கி நின்று பார்த்தவர். அவர் அரசர், தரையைத் துடைக்க ஆள் இருந்தது. மூவரும் சுவையைப் பேசினார்கள், அழகைப் பேசினார்கள், சோபா உறையைப் பேசவில்லை. மூவருமே மிச்சத்தைத் தின்ற தரப்பைச் சேர்ந்தவர்கள் என்பது இதிலிருந்து தெளிவு.

பாட்டி ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில் மிச்சம் அப்பாவுக்கு. ஆறிய பருப்புச் சோறு மதியம், ஆறிய ரசஞ்சோறு இரவு, நடுவில் விட்டுப்போன இட்லி விள்ளல்கள். வீட்டில் குழந்தைக்கென்று ஊற்றப்படும் நெய் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அவர் பெல்ட்டின் துளைகள் காட்டும். குழந்தையின் எடை ஏறவில்லை என்ற குடும்பக் கவலைக்கும் இதற்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது.

பாட்டி திரும்பிவந்த அன்று இரவு, குழந்தை தூங்கியபின், அப்பா தட்டின் முன் உட்கார்ந்தார். கிண்ணத்து மிச்சத்தை முன்பே முடித்திருந்ததால் இரண்டு இட்லியோடு எழப்பார்த்தார். பாட்டி இட்லித் தட்டோடு வந்தார்.

“என்னடா, இவ்ளோதானா? எளச்சுப் போயிட்ட.”

“போதும்மா. வயிறு ரொம்பிடுச்சு.”

“ரெண்டு இட்லில ரொம்புமா? இந்தா, கடைசி ஒண்ணு.”

வயது 38. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பால்கனிப் பக்கம் நகர்ந்தார். இட்லித் தட்டும் பின்தொடர்ந்தது.